முந்திரி விவசாயிகளுக்கான இணையதளம் ஒன்றின் கட்டுரைகளைச் சீரமைத்த விதம்: கடலூர் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கடலூர் மாவட்டத்து முந்திரி விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு ஒன்றுக்கு மஞ்சக்குப்பத்தில் சிறிய அலுவலகம் உண்டு. பண்ருட்டி, காடாம்புலியூர், நடுவீரப்பட்டு, குறிஞ்சிப்பாடி பக்கம் செம்மண் நிலத்தில் முந்திரிக்காடு வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்காகத் தமிழிலேயே ஓர் இணையதளம் நடந்துவந்தது. ஒட்டுக்கன்று தேர்ந்தெடுப்பதிலிருந்து கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டுவது வரை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதில் கட்டுரை இருந்தது.

எழுதியவர் ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தோப்பு தோப்பாக நடந்தவர். அவர் தாளில் எழுதித் தருவார். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் அதைத் தட்டச்சு செய்து வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஏற்றுவார். தளத்துக்கென்று வேறு ஆள் கிடையாது.

2024 ஜனவரியில் என்னை அழைத்தபோது அந்தப் பெண் சொன்ன குறை இது: "எல்லாமே தளத்துல இருக்கு சார். ஆனா யாரும் படிக்கிறதில்ல. போன் பண்ணி அதையேதான் கேக்குறாங்க."

இணையக் கட்டுரைகளை ஒழுங்குபடுத்தித் தருவது என் தொழில். இருப்பது புதுச்சேரியில் என்பதால் நேரிலேயே போய்ப் பார்க்க முடிந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து, அந்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். நல்ல விஷயங்களைத் தமிழில் எழுதி வைத்துவிட்டு, அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போகவில்லையே என்று தவிக்கும் குழுக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஒரு முன்கதையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனம் இந்தத் தளத்தைக் கூகுளில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லி வேலை செய்திருந்தது. ஒவ்வொரு கட்டுரையும் 2000 சொல்லுக்குக் குறையக் கூடாது, முந்திரி என்ற சொல் அடிக்கடி வர வேண்டும் என்பது அவர்கள் விட்டுச்சென்ற விதி. அலுவலரும் அதை நம்பி, அரைப் பக்கத்தில் முடியும் விஷயத்துக்கெல்லாம் நீண்ட முன்னுரை சேர்த்திருந்தார். ஆனால் இத்தனை சொல் இருக்க வேண்டும் என்ற விருப்பம் தனக்கு எதுவும் இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தவறான அறிவுரை இத்தனை நல்ல கட்டுரைகளைக் கெடுத்துவிட்டதே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

## முதலில் கவனித்தவை

எந்தத் தரவையும் திறப்பதற்கு முன்னால், அலுவலகத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் கைபேசியில் எப்படித் தேடுகிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அதில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள்.

நடுவீரப்பட்டு பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. பிளாஸ்டிக் பையில் கருகிய முந்திரிப் பூங்கொத்து ஒன்றை ஒடித்துக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டபடி கைபேசியைப் பார்த்து, "முந்திரிப் பூ கருகிப் போகுது, என்ன மருந்து" என்று பேசினார். வீடியோக்கள் வந்தன, வேறு சில தளங்கள் வந்தன. கூட்டமைப்பின் தளம் முதல் பக்கத்தில் இல்லவே இல்லை. சரி என்று நாங்களே பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தோம்.

முதலில் கூட்டமைப்பின் முத்திரையும் வறுத்த முந்திரிப் பருப்புப் படமும் திரையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு வந்தன. அதற்குக் கீழே தலைப்பு: 'உறிஞ்சும் பூச்சிகளின் ஒருங்கிணைந்த மேலாண்மை: ஒரு விரிவான பார்வை'. அப்புறம் முன்னுரை. முந்திரியின் தாயகம் பிரேசில், பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அந்நியச் செலாவணிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மா கட்டைவிரலால் சரசரவென்று தள்ளினார். கண் நிற்க ஓர் இடமும் அகப்படவில்லை. "இது வேற ஏதோ கட்டுரைங்க" என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் தேடிய விடை அதே பக்கத்தில், மிகத் தெளிவாக, பதினோராவது பத்தியில் இருந்தது.

அப்போது அலுவலர் உள்ளே வந்தார். பையிலிருந்து பூங்கொத்தை எடுத்துக் காம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பும் கருப்புமாக நீளவாக்கில் தழும்புகள். "தேயிலைக் கொசும்மா இது. இந்தக் கீறல் மாதிரி இருக்கு பாருங்க, சாறு உறிஞ்சின இடம். காலையில வெள்ளனப் போயி தளிரத் திருப்பிப் பாத்தா பூச்சியே தெரியும்" என்றார். பக்கத்தில் கொய்யா, வேம்பு இருக்கிறதா என்று கேட்டார், அந்தப் பூச்சி அவற்றிலும் தங்கும் என்பதால். இப்போது என்ன செய்வது, எந்த நேரத்தில் தெளிக்கக் கூடாது என்று சொன்னார். ஏன் வருகிறது என்பதைக் கடைசியில், அந்த அம்மா கேட்ட பிறகுதான் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதே மனிதர்தான் அந்தக் கட்டுரையையும் எழுதியவர். பேசும்போது விடையிலிருந்து காரணத்துக்குப் போகிறார். எழுத உட்கார்ந்தால் வரலாற்றில் தொடங்கி விடைக்கு வந்து சேர்கிறார். இந்த இடைவெளிதான் முழுச் சிக்கலும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. பின்னால் எடுத்த முடிவுகள் பலவும் இதிலிருந்துதான் வந்தன.

இணையத்தில் மக்கள் வரிவரியாகப் படிப்பதில்லை, மேலோட்டமாகத் துழாவுகிறார்கள் என்பது புதிய செய்தி அல்ல. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் நடத்திய ஆய்வில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை அப்படித்தான் துழாவினார்கள். 2006இல் 232 பேரின் கண் நகர்வைப் பதிவு செய்தபோது, மேல் வரிகளையும் இடது ஓரத்தையும் மட்டும் மேயும் பழக்கம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அவை கணினித் திரையில் நடந்த ஆய்வுகள். கைபேசியின் சின்னத் திரையில் பொறுமை இன்னும் குறைவு.

## தேடல் தரவில் தெரிந்தது

பழைய நிறுவனம் உருப்படியாகச் செய்திருந்த ஒரு காரியம், கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து வைத்தது. எந்தத் தேடலுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, யாராவது தொட்டார்களா, சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதில் 16 மாதங்களுக்குக் கிடைக்கும்.

பிப்ரவரி முழுக்க அதைப் பார்த்தோம். தேடல்கள் மூன்று விதமாக இருந்தன. தமிழ் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக அடிப்பவர்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள், கைபேசியிடம் முழு வாக்கியமாகப் பேசுபவர்கள். மூன்றிலும் பொதுவாக இருந்தது, தேடியவர்கள் தங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள் என்பதுதான். பூ கருகுது, மரத்தடியில் தூள் கொட்டுது, பிசின் வடியுது, பிஞ்சு உதிருது. கட்டுரைத் தலைப்புகளோ மேலாண்மை, ஒருங்கிணைந்த, விரிவான பார்வை என்று இருந்தன. தலைப்பில் இருந்த எந்தச் சொல்லையும் யாரும் தேடவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. தேயிலைக் கொசுவைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய மூன்று கட்டுரைகள் தளத்தில் இருந்தன. பாதி விஷயம் மூன்றிலும் ஒன்றே. ஒரே தேடலுக்குக் கூகுள் ஒரு வாரம் ஒன்றையும் மறுவாரம் இன்னொன்றையும் காட்டியது. எதுவும் மேலே ஏறவில்லை.

## பக்கத்தின் உள்ளே

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தபோது கண்டவற்றில் முக்கியமானவை இவை.

துணைத்தலைப்புகள் எதுவும் உண்மையில் தலைப்புகளாக இல்லை. எழுத்தைத் தடித்து, சிவப்பாக்கி, அளவைக் கூட்டியிருந்தார்கள். பார்ப்பவருக்குத் தலைப்பு போலத் தெரியும். ஆனால் பக்கத்தின் அடிப்படை நிரலான எச்டிஎம்எல்லில் அது சாதாரண வரிதான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஓர் உறுப்பினர் இருந்தார். சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர். ஆண்ட்ராய்டில் உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வழியாகத் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போவார். இந்தத் தளத்தில் அவருக்குத் தாவ எதுவுமே இல்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கேட்டாக வேண்டும்.

பத்திகள் இருபக்கமும் சமன் செய்யப்பட்டிருந்தன. தமிழில் சொற்கள் நீளம். கைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். சமன் செய்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். வரி இடைவெளியும் குறைவு. மேல் வரியின் உகரக் குறி கீழ் வரியின் இகரக் குறியோடு முட்டிக்கொண்டது.

மருந்து தெளிக்கும் அட்டவணையை ஒரு கையேட்டிலிருந்து புகைப்படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். விரலால் விரித்தால்தான் படிக்க முடியும். பார்க்க முடியாதவருக்குப் படத்தைச் சொல்லும் மாற்று உரையும் இல்லை.

மிகப் பழைய கட்டுரைகள் சில வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு அப்படியே ஏற்றப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். மற்ற எல்லா இடத்திலும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்கும் அது அந்தக் குவியல்தான். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்று ஆணையிட்டிருந்தும், இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் பல அலுவலகங்களில் கிடக்கின்றன.

பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் எழுத்தில் முந்திரி, முந்திரி மரம், முந்திரி விலை என்று ஐம்பது அறுபது சொற்கள் ஒளிந்திருந்தன. அதுவும் பழைய நிறுவனத்தின் வேலை.

எல்லாவற்றிலும் என்னைக் கலங்க வைத்தது வேறு. எந்தக் கட்டுரையிலும் தேதி இல்லை. முந்திரிக்கு முன்பெல்லாம் தளிர், பூ, பிஞ்சு என மூன்று பருவத்துக்கும் தனித்தனி மருந்து சொல்வார்கள். பூப் பருவத்துக்கு எண்டோசல்பான், பிஞ்சுப் பருவத்துக்குக் கார்பரில். பழைய குறிப்புகளிலிருந்து எடுத்த அந்தப் பரிந்துரை தளத்தில் அப்படியே இருந்தது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. கார்பரில் 2018 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்த பூச்சிக்கொல்லிகளின் பட்டியலில் உண்டு. அதே ஆணைப்படி போரேட் என்ற பூச்சிக்கொல்லியும் 2020 முடிவோடு நின்றது. தேதி இல்லாத பக்கத்தில் இதைப் படிக்கும் ஒருவர் இன்றைய பரிந்துரை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவுக்கு விவாதமே தேவைப்படவில்லை. தடை செய்யப்பட்ட மருந்தின் பெயர் வரும் எல்லாப் பக்கங்களையும் அன்றைக்கே தளத்திலிருந்து எடுத்துவிட்டோம். அலுவலர் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு இன்றைய பரிந்துரையை வாங்கிய பிறகுதான் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இனி ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் கடைசியாகச் சரிபார்த்த மாதமும் ஆண்டும் இருக்கும் என்றும் தீர்மானித்தோம். வெறும் எழுத்துப் பிழையைத் திருத்தினால் அந்தத் தேதி மாறாது. விஷயத்தைச் சரிபார்த்தால்தான் மாறும்.

இரண்டாவது, கட்டுரையின் வரிசை. அலுவலர் எழுதுவதற்குப் பதிலாக, விவசாயி நேரில் வந்து கேட்கும்போது சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து, அந்த வரிசையிலேயே கட்டுரை அமைக்கலாம் என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"விடைய முதல்லயே குடுத்துட்டா அப்புறம் எதுக்குப் படிப்பாங்க? காரணம் தெரியாம மருந்த மட்டும் அடிச்சா பூச்சி பழகிடும். தேனீயும் சாகும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விடையை மேலே வைப்பது என்றால் மருந்தின் பெயரை மேலே வைப்பது என்று ஆகிவிடக் கூடாது. அந்த இளம்பெண்தான் வழி சொன்னார்: "சார், நீங்க நேர்ல சொல்லும்போதும் மருந்த முதல்ல சொல்றதில்லையே. பூவத் திருப்பிப் பாருங்கன்னுதான சொல்றீங்க?" அதையே விதியாக்கினோம். முதல் பத்தியில் என்னவாக இருக்கும், எப்படிச் சோதித்துத் தெரிந்துகொள்வது என்ற இரண்டும் வரும். மருந்து அடுத்த பகுதியில்தான். எப்போது தெளிக்கக் கூடாது என்பது மருந்துக்கு முன்னால். காரணமும் பூச்சியின் வாழ்க்கையும் கீழே, தனித் தலைப்பில்.

மூன்றாவது, தலைப்புகள். பக்கத்துக்கு ஒரே ஒரு முதன்மைத் தலைப்பு, கண்ணால் காணும் அறிகுறியை முன்னிட்டு. துணைத்தலைப்புகள் அதற்கு அடுத்த நிலையில், வேர்ட்பிரஸின் தலைப்பு வசதியைக் கொண்டே. தலைப்புகளின் நிலை முன்பின்னாக இருந்தாலும் தனக்கு ஒன்றும் இல்லை என்று கூகுளே சொல்கிறது. எனவே நிலைகளை ஒழுங்காக வைத்தது தேடுபொறிக்காக அல்ல, டாக்பேக்கில் கேட்பவருக்காக. எல்லாத் தலைப்பையும் கேள்வியாக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்தில் ஏழு கேள்விக்குறி வந்தால் படிப்பவருக்கு விசாரணை போலத் தோன்றும்.

நான்காவது, மூன்று தேயிலைக் கொசுக் கட்டுரைகளையும் ஒன்றாக்கி, பழைய முகவரிகளுக்கு வருபவர்களை நிரந்தரமாகப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டோம்.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளத்தின் முகவரிகள் தமிழ் எழுத்தில் இருந்தன. தமிழ் முகவரி கூகுளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணினால் முந்திரி என்ற சொல்லில் எட்டுக் குறியீடுகள், ஆகவே அது மட்டுமே 72 எழுத்து நீளும். நீளமான தலைப்பு என்றால் திரை முழுக்கக் குப்பை. உறுப்பினர்கள் அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து தொடாமல் விட்டார்கள். விவசாயிகளிடையே பக்கங்கள் பரவுவது வாட்ஸ்அப்பில்தான் என்பதால், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் முகவரி வைக்க முடிவு செய்தோம்.

வடிவத்தில் பெரிய வேலை இல்லை. இடப்பக்கச் சீர். வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு. இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச நெறிமுறை கேட்பது குறைந்தது 1.5 மடங்கு, தமிழுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. தனி எழுத்துருவை இறக்குவதை விட்டுவிட்டுக் கைபேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவையே பயன்படுத்தினோம். பக்கம் திறக்கும் நேரம் குறைந்தது. தடித்த எழுத்து அளவுகளுக்கும் எச்சரிக்கைக்கும் மட்டும்.

ஒளித்து வைத்திருந்த சொற்களை நீக்கினோம். அப்படி ஒளிப்பது கூகுளின் விதிப்படி ஏமாற்று வேலை. நிரலுக்குள் எழுதும் முக்கியச் சொற்பட்டியலைத் தான் பார்ப்பதே இல்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. கேள்வி-பதிலைத் தேடல் பக்கத்திலேயே விரித்துக் காட்டுவதற்கான நிரல் ஒன்றுக்கும் பழைய நிறுவனத்தார் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் மட்டும் என்று குறுக்கிவிட்டது. அதையும் எடுத்தோம்.

## ஒரு பக்கம் மாறிய விதம்

மார்ச்சிலிருந்து மே வரை கொட்டை பொறுக்கும் காலம். யாருக்கும் நேரம் இல்லை. ஜூனில்தான் எழுதத் தொடங்கினோம். தேயிலைக் கொசுப் பக்கத்தின் பழைய முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

"உலக அளவில் அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் முக்கியப் பணப்பயிர்களுள் ஒன்றான முந்திரியானது பிரேசிலைத் தாயகமாகக் கொண்டு, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களால் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதாகும்."

புதிய பக்கம் 'முந்திரிப் பூ கருகினால் என்ன செய்வது' என்ற தலைப்போடு இப்படித் தொடங்குகிறது:

"பூங்கொத்தும் தளிரும் தீப்பட்டது போலக் கருகிக் காய்ந்தால், முதலில் தேயிலைக் கொசுவைச் சந்தேகியுங்கள். காம்பைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு அல்லது கருப்பு நிறத்தில் நீளவாக்கில் தழும்பு இருந்தால் அது சாறு உறிஞ்சிய இடம். காலையிலோ மாலையிலோ பார்த்தால் பூச்சி கண்ணில் படும். முதுகில் குண்டூசி நிறுத்தியது போல ஒரு முள் இருக்கும். தழும்பு இல்லாமல் கருகியிருந்தால் அது நோயாக இருக்கலாம். மருந்து தெளிக்க வேண்டாம், பூங்கொத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்."

அதற்குக் கீழே வரிசையாக: எப்போது தெளிக்கக் கூடாது, பருவத்துக்கு ஏற்ற தெளிப்பு, பக்கத்தில் வேம்பும் கொய்யாவும் இருந்தால், ஆண்டுதோறும் ஏன் வருகிறது. போர்ச்சுகீசியர் வரலாற்றை அலுவலர் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. போர்ச்சுகீசியர் வந்து தங்கிய பரங்கிப்பேட்டை இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கதையைப் படிக்க ஆள் உண்டு. அதைத் தனிப் பக்கமாக்கி இங்கிருந்து இணைப்புக் கொடுத்தோம்.

அதிக நேரம் பிடித்தது தெளிப்பு அட்டவணைதான். பருவம், அறிகுறி, மருந்து, அளவு, குறிப்பு என்று ஐந்து நெடுவரிசையாக இருந்ததை அப்படியே எழுத்தாக மாற்றினால் கைபேசியில் பக்கவாட்டில் தள்ளித்தான் படிக்க வேண்டும். தள்ளும்போது எந்த வரியின் அளவு எது என்று மாறிப்போகும். மருந்தளவில் அப்படி நேரக் கூடாது. அதனால் அட்டவணையையே கைவிட்டுத் தளிர்ப் பருவம், பூப் பருவம், பிஞ்சுப் பருவம் என மூன்று சிறு பகுதியாக்கினோம். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துக்கு ஒரு வரி, அந்த வரியிலேயே அளவு.

படங்களும் மாறின. வறுத்த பருப்பு போய், அலுவலர் தோப்பில் எடுத்த கருகிய காம்பின் படம் வந்தது. மாற்று உரையில் 'காம்பில் நீளவாக்கில் கருந்தழும்புகளுடன் முந்திரிப் பூங்கொத்து' என்று எழுதினோம். படத்தின் அகலமும் உயரமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டதால், படம் வந்து விழும்போது எழுத்து துள்ளுவதும் நின்றது.

## தொடாமல் விட்ட கட்டுரை

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், இந்த மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதன் பிறகான மாதங்களைப் பற்றி அலுவலர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று தளத்தில் இருந்தது. தலைப்பு இல்லை, பிரிவு இல்லை, பத்திகள் நீளம். தாத்தா வைத்த மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி, மறுபடி ஒட்டுக்கன்று வாங்கக் கை வராதவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அதைத் துண்டு போட எனக்கு மனம் வரவில்லை, காரணமும் இல்லை. அதைப் படிப்பவர் ஒரு விடையைத் தேடி வருபவர் அல்ல. வரி இடைவெளியை மட்டும் சரிசெய்துவிட்டு அப்படியே விட்டோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. வேலை நின்றுபோனது. அந்த வாரத்தில் சாய்ந்த மரத்தை நிமிர்த்துவது பற்றித் தேடியவர்களுக்குக் கூகுள் காட்டியது இந்தத் தானே கட்டுரையை. அதன் நடுவில் எங்கேயோ, எந்த மரத்தை நிமிர்த்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற குறிப்பு இருந்தது. வந்தவர்கள் அதைக் கண்டுபிடிக்காமலே திரும்பினார்கள்.

அப்போதும் கட்டுரையில் கை வைக்கவில்லை. அந்தக் குறிப்பை மட்டும் எடுத்து அலுவலரிடம் தொலைபேசியில் கேட்டு விரித்து, 'சாய்ந்த முந்திரி மரத்தை நிமிர்த்தலாமா' என்று சின்னப் பக்கம் ஒன்றை அந்தப் பெண் தனியாகவே ஏற்றினார். இளமரமானால் கிளையைக் கழித்து, நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைத்து, வெட்டிய இடத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) தடவுவது. ஆணிவேர் அறுந்த பெரிய மரத்தை விட்டுவிடுவது. எல்லாம் ஒரே திரையில். தானே கட்டுரையின் தொடக்கத்தில் அதற்கு ஒரு வரி இணைப்பு. நான் ஒரு சொல்லும் திருத்த வேண்டியிருக்கவில்லை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அந்தப் பக்கம்தான்.

## பின்விளைவு

2025 ஜனவரி முதல் மார்ச் வரையான பூப் பருவத்தை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டோம். 16 மாதத் தரவு இருப்பதால் ஏப்ரலில் அது முடிந்தது. இப்படிப் பருவத்தோடு பருவத்தை ஒப்பிடுவது முக்கியம். பூ விடும் காலத்தில் தேடல் தானாகவே கூடும். அக்டோபரையும் ஜனவரியையும் ஒப்பிட்டால் வேலை செய்யாமலே வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அறிகுறியைத் தலைப்பாகக் கொண்ட பக்கங்கள் கூகுள் தேடலின் முதல் பக்கத்துக்குள் வந்தன. பூ கருகல், தண்டு துளைப்பான், பிஞ்சு உதிர்தல் மூன்றும் அப்படி. குரல் வழியாகக் கேட்ட முழு வாக்கியத் தேடல்களிலும் இவை காட்டப்பட்டன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவர்களிடம் முன்னேற்றம் குறைவு. ஆனாலும் அவர்களுக்காகத் தனிப் பக்கம் எழுத வேண்டாம் என்றே முடிவு செய்தோம்.

முந்திரி விலைப் பக்கம் அசையவே இல்லை. அந்தத் தேடலில் மேலே இருப்பவை தினமும் விலை போடும் செய்தித் தளங்கள். கூட்டமைப்பு வாரம் ஒரு முறைதான் போடுகிறது. எவ்வளவு அழகாக அடுக்கினாலும் நேற்றைய விலை இன்றைய விலை ஆகாது. அந்தப் பக்கத்தைத் தேடலுக்கு என்று வைக்காமல் உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கான பக்கமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அலுவலகத் தொலைபேசியில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அழைப்புகள் குறையவில்லை, ஆனால் கேள்விகள் மாறின. முன்பு "பூ கருகுது, என்ன பண்றது" என்று கேட்டவர்கள், இப்போது காம்பின் படத்தை அனுப்பிவிட்டு, "தழும்பு இருக்கு சார், பக்கத்துல ரெண்டு வேப்பமரம் இருக்கு, அதுக்கும் சேத்து அடிக்கணுமா" என்று கேட்கிறார்கள். டாக்பேக் பயன்படுத்தும் உறுப்பினர் மருந்தளவுப் பகுதிக்கு நேரே தாவிப் போய்க் கேட்டுக் காட்டினார். பிஞ்சுப் பருவத்துத் தலைப்பு இன்னும் சின்னதாக இருக்கலாம் என்றும் சொன்னார். அன்றைக்கே சுருக்கினோம்.

## அடுத்த முறை மாற்றுபவை

மருந்துப் பெயர்களைச் சரிபார்ப்பது இனி எந்தச் சீரமைப்புக்கும் முதல் படி. கூட்டமைப்பு இதை ஆண்டுதோறும் ஜூன் மாத வேலையாக வைத்துவிட்டது. அறுவடை முடிந்து தளிர்க் காலம் தொடங்குவதற்குள் எல்லாப் பக்கமும் ஒரு சுற்று பார்க்கப்படும்.

புயல், வெள்ளத்துக்கான பக்கங்கள் செப்டம்பருக்குள் தயாராக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால் கரண்ட் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே கூகுள் பார்த்து வைத்திருக்கும் பக்கம்தான் அந்த வாரத்தில் தேடலில் வரும்.

படிப்பவரைப் பார்க்கும் வேலையை அலுவலகத்துக்கு வருபவர்களோடு நிறுத்தாமல், தோப்புக்கே போய்ச் செய்வது என்றும் முடிவாகியிருக்கிறது. வெயிலில் திரையின் வெளிச்சம் போதாமல், ஒரு கையில் கிளையைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு எழுத்தளவும் நிறமும் போதுமா என்பது மேசை முன்னால் தெரியாது.

வானவில் எழுத்துருக் கட்டுரைகளில் பாதி யூனிகோடுக்கு மாறிவிட்டன. மாற்றும் கருவி றகரத்தையும் ஒற்றுகளையும் சில இடத்தில் தவறவிடுவதால் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. அது மெதுவாகத்தான் நடக்கும்.

அடுத்தது பலா. அலுவலர் பேசிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். முதல் பக்கம் பிஞ்சு கருத்து உதிர்வதைப் பற்றி. ஆண் பூ கருத்து விழுவது இயல்பு, பெண் பிஞ்சு அழுகி விழுவது நோய். இரண்டும் தரையில் கிடக்கும்போது ஒன்று போலவே தெரியும். எனவே இரண்டின் படத்தையும் பக்கம் பக்கமாக முதல் திரையிலேயே வைத்து, அதற்குக் கீழேதான் எழுத்து என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம்.